கையோடு வந்த ஈயம்

மாதிரியை உள்ளே செலுத்தினால் கருவி ஓர் எண்ணைச் சொல்லிவிடும்: இந்த நீரில் ஈயம் இத்தனை நானோகிராம். அந்த ஈயம் ஆற்றோடு வந்ததா, புட்டியின் சுவரிலிருந்து கசிந்ததா, மூடியைத் திறந்தவரின் தலைமுடியிலிருந்து உதிர்ந்ததா என்பது கருவிக்குத் தெரியாது. வந்த அணுக்களை எண்ணுவதோடு அதன் வேலை முடிந்தது. தவறான எண்ணும் சரியான எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே தசமப் புள்ளியோடுதான் அச்சாகி வருகின்றன. அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சனின் வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கி வாசித்தவர்களால் இதைச் சாதாரணச் செய்தியாக எடுத்துக்கொண்டு போக முடிவதில்லை. எந்த ஆய்வறிக்கையைப் பார்த்தாலும் ஓர் உறுத்தல் கிளம்பிவிடுகிறது. அளந்த கை இதில் எவ்வளவு இருக்கிறது?

1940களின் கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரிசன் பிரவுன் தன் மாணவர்கள் இருவரிடம் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். பாறைக்குள் கிடக்கும் சிர்கான் என்ற படிகத்தில் யுரேனியம் இருக்கும். அது கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஈயமாகிறது. யுரேனியம் எவ்வளவு மிச்சம், ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் வயது கிடைத்துவிடும். யுரேனியத்தை அளக்கும் பொறுப்பு ஜார்ஜ் டில்டனுக்கு. ஈயம் பேட்டர்சனுக்கு. (ஈயம் என்று இங்கே சொல்வது காரீயத்தை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் வெள்ளீயம் வேறு உலோகம்.) அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தபால்காரர் வீட்டில் 1922இல் பிறந்தவர் பேட்டர்சன். போர்க்காலத்தில் ஓக் ரிட்ஜில் அணுகுண்டுத் திட்டத்துக்காக, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்களோடு பழகிய கை அவருடையது. கருவியில் கோளாறு இல்லை, கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் வயது ஏற்கெனவே தெரிந்த பாறையிலும் இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு ஈயம் வந்துகொண்டே இருந்தது. பாறைத்துண்டே இல்லாமல் வெறும் அமிலத்தையும் நீரையும் வைத்துச் சோதனையை முதலிலிருந்து கடைசிவரை நடத்திப் பார்த்தாலும் ஈயம் வந்தது. ஆய்வகங்களில் பிளாங்க் என்று சொல்லும் இந்த வெறும் சோதனையின் மதிப்பை, கிடைத்த எண்ணிலிருந்து கழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம். பிளாங்க் சிறிதாக இருந்தால் அதில் தவறேதும் இல்லை. மாதிரியில் உள்ளதைவிட பிளாங்க் பெரிதாகிவிட்டால், கழித்த பிறகு மிஞ்சுவது வெறும் தற்செயல். பேட்டர்சன் கழிப்பதை நிறுத்திவிட்டு அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனார். தேடல் முடிய அவருக்கு ஒரு வாழ்நாளே ஆனது.

கண்ணாடிக் குடுவையில் ஈயம். குழாய் இணைப்பின் சால்டரில், சுவரின் பெயின்ட்டில், காய்ச்சி வடித்த நீரில், ரீஏஜென்ட் புட்டியின் லேபிளில் ‘தூய’ என்று எழுதியிருந்த நைட்ரிக் அமிலத்தில், மேசை மீது படியும் தூசியில், கையில், சட்டையில் எல்லாம் ஈயம். 1952இல் பிரவுனோடு கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனபோது, அங்கே தனக்கென ஓர் ஆய்வகத்தைக் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஈயம் கலந்த குழாய்களையும் மின்கம்பி இணைப்புகளையும் பிடுங்கி எறிந்தார்கள். வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தி, அறையின் அழுத்தத்தை வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்தார்கள். கதவைத் திறந்தால் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே நுழையாது. அமிலங்களைக் குவார்ட்ஸ் கலன்களில் மறுபடி வடித்தார்கள். தரையைத் துடைப்பதும் மேசையைக் கழுவுவதும் உதவியாளருக்கு விடுகிற வேலையாக இல்லாமல் ஆராய்ச்சியின் பகுதியே ஆயிற்று. ஒரு பாலித்தீன் புட்டியை எடுத்துக்கொள்வோம். சூடான அமிலத்தில் நாட்கணக்கில் ஊறும். எடுத்து, தூய நீரில் அலசி, புது அமிலத்தில் மறுபடி ஊறவைப்பார்கள். அந்த அமிலத்தில் ஈயம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். பிறகு அதைப் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று பொதிந்து வைப்பார்கள். உள்ளே ஒரு சொட்டு மாதிரிகூட இன்னும் விழவில்லை. மூக்கில் ஏறும் நைட்ரிக் அமில வாடை, விரலோடு ஒட்டிச் சரசரக்கும் பிளாஸ்டிக் உறை, தலையை மூடிய தொப்பிக்குள் ஊறும் வியர்வை இவற்றோடுதான் அங்கே பகல் கழிந்தது.

இந்த அறையைத்தான் அவர் உருவாக்கிய பெரிய கருவி என்று சொல்லவேண்டும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஏற்கெனவே இருந்தது. ஐசோடோப்பு நீர்ப்பு என்ற அளவிடும் முறையும் இருந்தது. அந்த முறையைப் புரிந்துகொண்டால் அறை ஏன் அத்தனை முக்கியம் என்பது விளங்கும். குதிரில் உள்ள நெல்மணிகளை எண்ணவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயம் தோய்த்த ஆயிரம் மணிகளைக் கொட்டி நன்றாகக் கலக்கி, ஒரு கைப்பிடி அள்ளி, சாயமணிக்குச் சாதாரண மணி எத்தனை என்று பார்த்தால் போதும், மொத்தமும் தெரிந்துவிடும். ஈயத்திலும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட ஐசோடோப்பு, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் ஈய அணுவகை, மிகுந்த ஈயத்தைத் தெரிந்த அளவு சேர்த்து, மாதிரியோடு கலந்து, விகிதத்தை அளக்கிறார்கள். கலந்த பிறகு பாதி சிந்திப்போனாலும் பரவாயில்லை, விகிதம் மாறாது. இழப்பை இந்த முறை மன்னித்துவிடும். கூடுதலை மன்னிக்காது. வழியில் வெளி ஈயம் ஒரு துளி சேர்ந்தால், அதை மாதிரியின் ஈயத்திலிருந்து பிரித்தறிய அதற்கு வழியே கிடையாது. நுட்பமான முறைகளில் ஒன்றான இதுவே தூசியின் முன்னால் கைகட்டி நிற்கிறது என்பதை யோசிக்க யோசிக்க மனம் கலங்குகிறது.

பூமியின் வயது கிடைத்த கதை பலருக்கும் தெரிந்தது. பூமியோடு ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவான கேன்யன் டயாப்ளோ விண்கல்லில் உள்ள இரும்பு சல்ஃபைடிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்து, 1953இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் கருவியில் அளந்தார். 1956இல் வெளியான கட்டுரையில் 455 கோடி ஆண்டுகள், ஏழு கோடி முன்பின், என்று எழுதினார். இன்றும் அந்த எண் பெரிதாக அசையவில்லை. அவருக்கு அப்போது 34 வயது. அதோடு நிறுத்தியிருந்தாலும் பாடப்புத்தகத்தில் ஒரு வரி அவருக்கு உண்டு. ஆனால் வயதைக் கண்டுபிடிக்க விரட்டியடித்த ஈயம் அவரை விடவில்லை. அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அறைக்குள் தீர்ந்தது, அறைக்கு வெளியே தீரவில்லை.

கடலுக்குப் போனார். மித்சுநோபு தத்சுமோதோவோடு சேர்ந்து 1963இல் வெளியிட்ட அளவீடுகளில், ஆழ்கடலைவிட மேல்நீரில் ஈயம் வெகுவாகக் கூடியிருந்தது. கடலடியில் ஊறும் ஈயமாக இருந்தால் மேலே குவிந்திருக்காது. வானத்திலிருந்துதான் இறங்கியிருக்கவேண்டும். அடுத்து கிரீன்லாந்து, அண்டார்க்டிகா. ஆண்டுக்கு ஆண்டு படியும் பனியில் காற்றின் வரலாறு அடுக்காகக் கிடக்கிறது. கிரீன்லாந்தில் கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க ராணுவ முகாமின் பனிச்சுரங்கத்தில் இறங்கி, பிளாஸ்டிக் உடையும் கையுறையும் அணிந்து பழைய பனியை வெட்டியெடுத்தார்கள். மசாயோ முரோசுமி, சாய்ஹ்வா சௌ, பேட்டர்சன் மூவரும் 1969இல் எழுதிய கட்டுரைப்படி, கி.மு. 800 வாக்கில் விழுந்த பனியோடு ஒப்பிட்டால் 1960களின் பனியில் ஈயம் 200 மடங்குக்கு மேல். ஏற்றம் மிகச் செங்குத்தாக இருந்தது 1940க்குப் பிறகு. கார்கள் பெருகிய காலம் அது. 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ரா எத்தில் லெட் என்ற சேர்மம், எஞ்சின் தட்டாமல் ஓடவேண்டும் என்பதற்காகப் பெட்ரோலில் கலக்கப்பட்டது. கலக்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, 1924இல், நியூஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். அதற்கும் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது அமெரிக்கப் பெட்ரோலில் தொடர்ந்தது.

இத்தனை காலம் தொடர ஓர் அறிவியல் ஆதரவு தேவைப்பட்டிருக்கும் அல்லவா? அதைத் தந்தவர் ராபர்ட் கீஹோ, சின்சினாட்டியில் கெட்டரிங் ஆய்வகத்தின் தலைவர், ஈயப் பெட்ரோலை விற்ற எத்தில் கார்ப்பரேஷனின் மருத்துவ இயக்குநர். மனித உடலில் ஈயம் இயல்பாகவே இருக்கிறது, உடல் அதைச் சமாளிக்கும், ஓர் எல்லையைத் தாண்டினால்தான் ஆபத்து என்பது அவர் வாதம். இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்பது அவர் வைத்த எல்லை. ‘இயல்பு’ என்பதை நிறுவ அவர் 1930களில் மெக்சிகோவின் கிராமம் ஒன்றுக்குப் போய், காரும் ஆலையும் அண்டாத மக்களைச் சோதித்தார். அவர்கள் உடலிலும் ஈயம் இருந்தது. ஆகவே அது இயற்கையானது என்றார். அந்த மக்கள் ஈய மெருகு பூசிய மண்சட்டிகளில்தான் சமைத்துச் சாப்பிட்டு வந்தார்கள். கீஹோவைப் பொய்யர் என்று சொல்லிக் கடந்துவிட முடிந்தால் நிம்மதியாக இருக்கும். அவர் அளந்தது உண்மையில் அங்கே இருந்த ஈயத்தைத்தான். ஒப்பிடுவதற்கென்று எடுத்துக்கொண்ட பிளாங்கே கறைபட்டிருந்தது. எல்லோரும் கறைபட்ட உலகத்தில் சராசரியை எடுத்தால், கறையே சராசரியாகி, சராசரியே ஆரோக்கியமாகிவிடுகிறது. 1965இல் ஒரு மருத்துவ இதழில் பேட்டர்சன் எழுதிய கட்டுரையின் மையம் இதுதான். வழக்கமாகக் காணப்படும் அளவு ஒன்று, மனித உடலுக்கு இயற்கை விதித்த அளவு வேறொன்று. அமெரிக்கர்களின் உடலில் இயற்கை அளவைப்போல நூறு மடங்கு ஈயம் இருக்கிறது என்று அவர் கணக்கிட்டார். மருத்துவர்கள் கொதித்தார்கள். பாறையை அளப்பவனுக்கு இரத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். அவருக்கு நிதி தந்துவந்த அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 1966இல் செனட்டர் மஸ்கியின் துணைக்குழு முன்பு கீஹோவும் பேட்டர்சனும் சாட்சி சொன்னார்கள். காற்றில் ஈயம் பற்றி தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1971இல் அறிக்கை வெளியிட்ட குழுவில், உலகத்திலேயே அதை மிகத் துல்லியமாக அளக்கத் தெரிந்த மனிதருக்கு இடமில்லை. 1978இல் அமைத்த குழுவில் இடம் கிடைத்தது. பெரும்பான்மையினரோடு ஒத்துப்போகாமல், 78 பக்கத்துக்குத் தனி அறிக்கை எழுதிச் சேர்த்தார்.

இங்கே ஒரு சந்தேகத்தை ஒதுக்கிவைக்க முடியாது. மற்ற எல்லா ஆய்வகங்களின் எண்களும் தவறு, என்னுடையது மட்டுமே சரி என்று ஒருவர் சொன்னால் நாம் அவரை நம்பவேண்டுமா? பேட்டர்சன் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார், விட்டுக்கொடுக்காத, சில சமயம் எரிச்சலூட்டும் பிடிவாதத்தோடு. அவர் எழுதிய வாக்கியங்களும் முட்புதர் மாதிரி நீண்டு சிக்கலானவை. சகாக்களுக்கு அவர் பெரிய தொந்தரவாக இருந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. நம்புவதற்கான முதல் காரணம் அவர் தன் எண்களையும் அதே கண்ணோடு பார்த்தார் என்பது. பனிக்கட்டி உருளைகளைத் துளைத்தெடுக்கும்போதே வெளிப்புறம் கறைபட்டுவிடுகிறது. ஆகவே பிற்காலத்தில் உருளையைக் குளிர் அறையில் வைத்து, படலம் படலமாகச் சீவிக்கொண்டு நடுமையத்தை நோக்கிப் போனார்கள். ஒவ்வொரு படலத்தின் ஈயத்தையும் தனித்தனியே அளந்தார்கள். உள்ளே போகப் போக எண் இறங்கியது, ஓரிடத்தில் இறங்குவது நின்றது. நின்ற இடத்தில் இருப்பதுதான் பனியின் ஈயம். இறங்கிக்கொண்டே போனால் அந்த உருளைக்கு எண்ணே கிடையாது. அவருடைய முந்தைய அளவுகளையே இந்த வேலை திருத்தியது. இரண்டாவது காரணம் இயற்கையிடமிருந்து வந்தது. சுத்தமாக அளக்கும் பழக்கம் 1970களின் நடுவில் மற்றவர்களிடமும் பரவியபோது, அதுவரை நட்சத்திரம் சிதறியதுபோல் கிடந்த கடல் உலோக எண்கள் திடீரென்று ஒழுங்குக்கு வந்தன. காட்மியம் பாஸ்பேட்டின் பின்னாலேயே போனது, மேலே குறைந்து ஆழத்தில் கூடியது. கறைக்கு அத்தகைய ஒழுங்கு தெரியாது. அதற்கு முன் அச்சான கடல் உலோக அளவுகளில் பெரும்பகுதியைத் துறையே கைவிடவேண்டியதாயிற்று. எத்தனை பேரின் எத்தனை ஆண்டு உழைப்பு! அவர்களில் பலர் சோம்பேறிகள் அல்லர், நல்ல கருவி வைத்திருந்தவர்கள்.

மீன் டின் ஒன்று இதற்கு இன்னும் கூர்மையான உதாரணம். சூரை மீனில் ஈயம் எவ்வளவு, டின்னில் அடைத்தபின் எவ்வளவு என்ற கேள்விக்கு அரசு ஆய்வகம் ஒன்றின் விடை, ஏறத்தாழ இரண்டு மடங்கு கூடுகிறது என்பது. இரண்டு மடங்கு என்றால் யாருக்கும் தூக்கம் கெடாது. டோரதி செட்டிலும் பேட்டர்சனும் 1980இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: புதிய மீனின் தசையில் கிராமுக்கு 0.3 நானோகிராம், ஈய சால்டர் போட்ட டின்னில் அடைத்த மீனில் 1400. நாலாயிரம் மடங்குக்கு மேல். டின்னை அளப்பதில் அரசு ஆய்வகம் பெரிய பிழை செய்யவில்லை. புதிய மீனை அளக்கும்போதுதான் பிழை. கத்தியும் பலகையும் கையும் ஈயத்தைச் சேர்த்து, சுத்தமான மீனை டின் மீனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. கறை எப்போதும் அழுக்கை மிகைப்படுத்திக் காட்டும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே அது அழுக்கை மறைத்தது. அமெரிக்க உணவு நிறுவனங்கள் ஈய சால்டர் டின்களை 1990களின் தொடக்கத்தில் விட்டுவிட்டன.

இத்தனையும் செய்தவர் 1989 வரை பேராசிரியர் அல்லர். அதுவரை அவர் ஆராய்ச்சிப் பதவிகளில்தான் இருந்தார். வகுப்பில் சுண்ணக்கட்டியோடு நின்று பேசுவதை வைத்துப் பார்த்தால் அவரை ஆசிரியர் என்று சொல்வதே கடினம். ஆனால் முரோசுமி, தத்சுமோதோ, யோஷிமித்சு ஹிராவோ எல்லாம் ஜப்பானிலிருந்து அவரிடம் வந்தார்கள். பிரான்சின் கிளோட் பூத்ரோன் பனியை அளக்கும் கலையை அவரோடு சேர்ந்து வளர்த்தார். ரஸ்ஸல் ஃப்ளீகல் அதைக் கடலுக்கும் கழிமுகத்துக்கும் கொண்டுபோனார். டோரதி செட்டில் பல பத்தாண்டுகள் அந்த அறையிலேயே உழைத்தார். அவர்கள் அங்கே கற்றது ஒரு சமன்பாட்டை அல்ல. புட்டியை எந்தப் பக்கமிருந்து திறப்பது, மூடியை எங்கே வைப்பது, கை எப்போது மாதிரிக்கு மேலே நீளக்கூடாது, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து நிற்பது என்பவைதான். அவரோடு பணியாற்றிய பெர்ன்ஹார்ட் ஷாலே பசிபிக்கில் மேல்நீரை எடுத்தபோது, கப்பலின் புகையும் பெயின்ட்டும் துருவும் தொடாதிருக்க, கப்பலைவிட்டு விலகிச் சிறு ரப்பர் படகில் போகவேண்டியிருந்தது. இத்தகைய கல்வி பாடத்திட்டத்தில் ஏறாது, மதிப்பெண் பட்டியலிலும் இடம்பெறாது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வரும். பல்கலைக்கழகங்கள் இன்றும் இதைக் கற்பித்தல் என்று கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. அது பெரிய அநீதி.

நம் பள்ளி ஆய்வகத்தில் ஈயத்துக்கு வேறு முகம். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் ஈய உப்பு வந்தால் மாணவர்களுக்குக் கொண்டாட்டம். பொட்டாசியம் அயோடைடு ஊற்றினால் மஞ்சள் வீழ்படிவு. வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் சோதனைக்குழாய்க்குள் பொன் துகள்கள் மின்னிமின்னி இறங்கும். அந்த அழகைப் பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் வெறும் விரலால் உப்பைத் தொட்டு, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் குழாயை எடுக்கும் அதே செய்முறை வகுப்பில், ‘இருக்கிறதா’ என்று கேட்கப் பழக்குகிறோமே தவிர, ‘எங்கிருந்து வந்தது’ என்று கேட்கப் பழக்குவதில்லை.

ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பேட்டர்சன் இறந்தார். அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு முழுத் தடை அடுத்த மாதம், 1996 ஜனவரி 1இல் தொடங்கியது. இந்தியா முழுவதும் மாறியது 2000 பிப்ரவரியில். கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. காற்றின் ஈயம் குறைந்துவிட்டது. பழைய பேட்டரியை உருக்கும் கொட்டகைகளின் ஈயம், பழைய பெயின்ட் உதிரும் சுவரின் ஈயம், மஞ்சள்தூள் பளிச்சென்று தெரியக் கலக்கப்படும் லெட் குரோமேட்டின் ஈயம் இன்னும் இருக்கின்றன. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பது நம் தர எல்லை. அத்தனை சிறிய எண்ணைச் சரியாக அளக்க, முதலில் புட்டியைக் கழுவத் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களை உருவாக்கும் இடம் பள்ளிக்கூடமும் கல்லூரியும்தான். வேதியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: செய்முறை நோட்டில் பிளாங்குக்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள், அது எழுதப்படாத பக்கத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.